தலையணைக்குக் கிடைத்த அட்மிஷன்

மனுஷனை ஆட்டிப்படைக்க யானை வேண்டாம், புலி வேண்டாம். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி போதும். மெத்தையிலும் தலையணையிலும் திரைச்சீலையிலும் குடியிருந்துகொண்டு, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்கைத் தின்று பிழைக்கிற அந்த ஜீவனுக்குத் தூசுப்பூச்சி என்று பெயர். அது கடிக்காது, கொட்டாது. தின்பதும் கழிப்பதுமாகத் தன் பாட்டுக்கு இருக்கும். அது அப்படித் தன் பாட்டுக்கு இருப்பதுதான் லிஃப்ட்காரரின் மனைவிக்கு ஆகவில்லை.

லிஃப்ட்காரர் ஒரு பெரிய துணிக்கடையில் லிஃப்ட் இயக்குகிறவர். மதியத்துக்கு மேல்தான் வேலை. யார் ஏறி எந்த மாடி என்று சொன்னாலும் ‘சரிங்க’ என்று பொத்தானை அமுக்கிப் பழகிய மனிதர். ஏன் எதற்கு என்று ஒருவரையும் கேட்டதில்லை. அந்தக் குணமே அவருக்கு நல்ல பெயரும் வாங்கிக் கொடுத்தது, பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் காரணமாகவும் இருந்தது.

மனைவி ஒரு வங்கியில் தொலைபேசி விசாரணைப் பிரிவில் இருந்தாள். நல்ல குரல். ஆனால் பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கும். ‘உங்கள் ஊழியர் என் கணக்கைப் பார்த்துச் சொல்லும்போது மூச்சிரைக்கிறார், என் பணத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயமாக இருக்கிறது’ என்று ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தார். அதோடு வேலை போயிற்று.

வீட்டில் இருவரும் செய்யாத வைத்தியம் இல்லை. மெத்தையைத் தூக்கிப் போட்டார்கள். சோபாவை லிஃப்ட்காரரின் தங்கை வந்து, “உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுத்துடுங்கண்ணா, எனக்கு அண்ணி உடம்புதான் முக்கியம்” என்று உருக்கமாகச் சொல்லி எடுத்துப் போனாள். அதே உருக்கத்தோடு மறுமுறை வந்து தலையணைகளையும் திரைச்சீலைகளையும் எடுத்துப் போனாள். போர்வைகளை வெந்நீரில் போட்டு அலசி அலசி அவை கந்தலாயின. கடைசியில் வீடு, சாமானை வண்டியில் ஏற்றிவிட்டு சாவியைக் கொடுக்கக் காத்திருக்கிறவர்களின் வீடு மாதிரி ஆகிவிட்டது. பூச்சி மட்டும் காலி செய்யவில்லை. பழைய கட்டடம், ஓதமேறிய சுவர். அதற்கு அது போதும்.

படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ராத்திரியைத் தள்ளுவாள். துருப்பிடித்த கதவை யாரோ திறந்து திறந்து மூடுவது போல நெஞ்சுக்குள் சத்தம் கேட்கும். லிஃப்ட்காரர் அதைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். சத்தம் கேட்டாலும் பயம், நின்றுவிட்டால் அதைவிடப் பயம். மூச்சு மருந்து அடைத்த நீல நிற பம்ப் ஒன்று எந்நேரமும் அவள் கையிலேயே இருக்கும். அதை அழுத்தினால் கொஞ்ச நேரம் காற்று வரும். அவள் ஒழுங்காகத் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே மறந்துவிட்டது.

அப்போதுதான் ‘தூசுப்பூச்சி ஒவ்வாமை நவீன சிகிச்சை உயர் மையம்’ பற்றிக் கேள்விப்பட்டார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை வந்திருக்கிறதாம். அந்தப் பூச்சியின் சத்தையே கொஞ்சங்கொஞ்சமாக உடம்புக்குக் காட்டிப் பழக்கி, வருஷக்கணக்கில் கொடுத்தால் உடம்பே சமாதானமாகிவிடுமாம். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஊசி இருக்கிறதாம். லிஃப்ட்காரருக்கு மாத்திரை, ஊசி எல்லாம் இரண்டாம் பட்சம். அவள் ஒரு தடவை காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மையத்துக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, தலைக்கு உறை மாட்டி, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள். நாலா பக்கமும் காற்று பீறிட்டு அடித்து மேலே இருந்த தூசியை எல்லாம் உருவிக்கொண்டது. அதற்கப்பால் காத்திருப்புக் கூடம். வழவழவென்ற வெறுந்தரை, எவர்சில்வர் பெஞ்சுகள், திரையில்லாத ஜன்னல்கள். கூரையிலிருந்து வடிகட்டிய காற்று வந்துகொண்டே இருந்தது. அங்கே உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மனைவியின் நெஞ்சுக் கதவு சத்தத்தை நிறுத்திக்கொண்டது.

சின்ன டாக்டர் என்று எல்லோரும் சொல்கிற இளம் பெண் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டார். ஸ்டெத்தை வைத்துப் பார்த்தார்.

“என்னம்மா தொந்தரவு?”

“மூச்சு விட முடியல டாக்டர்.”

“விடுறீங்களே.”

“இப்ப விடுறேன். வீட்டுல முடியல.”

“இங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க” என்றார் சின்ன டாக்டர், கொஞ்சம் சங்கடமாக. “ஆனா மையத்துக்குள்ள வச்சு, மையத்து டாக்டர் கண்ணால பார்த்த நோய்க்குத்தான் மருந்து எழுதலாம். அது இங்க சட்டம். உங்க நெஞ்சு இப்ப ரொம்ப சுத்தமா இருக்கு. வாழ்த்துகள்.”

“அப்ப வீட்டுக்கு வந்து பாருங்களேன் டாக்டர். பக்கந்தான்” என்றார் லிஃப்ட்காரர்.

சின்ன டாக்டர் திடுக்கிட்டுப்போனார். “வீட்டுக்கா? வீட்டுல தூசு இருக்குமே!”

வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாடிப்படி ஏறும்போதே மனைவிக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. நடுப்படியில் உட்கார்ந்து பம்பை அழுத்திக்கொண்டே, “அந்த டாக்டரம்மா இப்ப பார்க்கணும்” என்றாள். லிஃப்ட்காரர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மறுபடி போனார்கள். இந்தத் தடவை ஊசியால் கையைக் கீறிப் பரிசோதிக்கலாம் என்று பூச்சி அதிகாரியிடம் அனுப்பினார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் வேண்டிய பூச்சிகளை மையமே வளர்க்கிறது. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவர்தான் பூச்சி அதிகாரி. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க வாங்க. கண்ணாடி வழியா பாருங்க. இதுங்களுக்கு இருட்டு வேணும், ஈரம் வேணும், கதகதப்பு வேணும். எல்லாம் பண்ணிக் குடுத்திருக்கோம். அசல் பஞ்சு மெத்தை. மேல தூவுறதுக்குத் தோல் துணுக்கு, அதுவும் ஆரோக்கியமானவங்க தோல்தான். போன மாசம் மின்சாரம் போச்சு. உங்க கூடத்துல இருட்டு, இதுங்க அறையில மட்டும் எதுவும் நிக்கல. அப்படிப் பார்த்துக்கறோம்.”

“எங்களுக்குக் கூடத்துல பெஞ்சு பத்தலீங்க” என்றாள் மனைவி.

“நீங்க வருவீங்க, போவீங்க. இதுங்க நிரந்தரம்.”

கையைக் கீறிப் பார்த்ததும் அந்த இடம் சிவந்து, கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. லிஃப்ட்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கட்டிய மனைவியின் கை வீங்கியதற்குச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்து விடுவதற்கும் ஒரு உயர் மையம் தேவைப்படுகிறது.

“பார்த்தீங்களா சார்! இப்ப மாத்திரை கிடைக்குமில்ல?”

பூச்சி அதிகாரி வீக்கத்தை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எங்க பூச்சி இவங்களுக்கு ஒத்துக்கலைன்னு தெரியுது. ரொம்ப நல்ல வீக்கம், குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு சிக்கல். எங்க பூச்சி ஒண்ணுகூட இதுவரைக்கும் இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போனதில்ல. அவ்வளவு பாதுகாப்பு. அப்புறம் இவங்களுக்கு எப்படி நோய் வந்திருக்க முடியும்?”

“எங்க வீட்டுல வேற பூச்சி இருக்கே சார்.”

“அது உங்க பூச்சி. அதைப் பத்தி நான் பேச முடியாது. அது எங்ககிட்ட பதிவாகல.”

கல்லில் நார் உரிக்கலாம், பூச்சி அதிகாரியிடம் மாத்திரை வாங்க முடியாது என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. அன்று கடையில் அவருடைய கை, மேலே போக வேண்டியவர்களை எல்லாம் கீழே இறக்கியது. யாரோ திட்டினார்கள். ‘சரிங்க’ என்றார். மனசுக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மையத்துக்குள் அவளுக்கு மூச்சுத் திணற வேண்டும். அவ்வளவுதானே? திணற வைத்தால் போகிறது.

தங்கை வீட்டுக்குப் போய்ப் பழைய தலையணை ஒன்றைத் திரும்பக் கேட்டார். “குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா?” என்று அவள் மூக்கைச் சிந்தினாள். கெஞ்சிக் கூத்தாடி, தங்கள் வீட்டிலிருந்து போனதிலேயே அழுக்கான தலையணையாகப் பார்த்து வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

“என்னங்க இது?” என்றாள் மனைவி.

“டாக்டர் வர்ற நேரம் பார்த்து இதை மூஞ்சில வச்சு நல்லா மோந்துக்க. இழுப்பு வந்துரும். அவங்களும் பார்த்துருவாங்க.”

அவள் தலையணையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். “இழுப்பு வந்து நான் போயிட்டா?”

“ஆஸ்பத்திரிக்குள்ளதானே இருக்கோம்?” என்றார் அவர். சொன்ன பிறகு அந்தப் பேச்சில் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அவள் சரி என்று தலையை ஆட்டினாள். உயிரைப் பிடித்துக்கொள்ள உயிரையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

தலையணை கண்ணாடிக் கூண்டைத் தாண்டவில்லை. காற்று பீறிட்டதும் பையிலிருந்து ஒரு புகைமண்டலம் கிளம்பியது. மணி அலறியது. காவலாளிகள் ஓடி வந்தார்கள். வெடிகுண்டு கொண்டுவந்தவரைப் பிடிப்பது போல லிஃப்ட்காரரைச் சுவரோடு நிறுத்தி வைத்தார்கள். பூச்சி அதிகாரி வந்தார். கையுறை மாட்டி, இடுக்கியால் தலையணையைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே மெய்ம்மறந்து நின்றுவிட்டார்.

“எங்கய்யா பிடிச்சீங்க இதை? என்ன செழிப்பு! இந்த ரகம் எங்ககிட்ட இல்லவே இல்ல.”

தலையணைக்கு உடனே அட்மிஷன் கிடைத்தது. சக்கரக் கட்டிலில் வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். ஈரம், இருட்டு, கதகதப்பு கொண்ட தனி அறை. கவனித்துக்கொள்ள ஒரு பணியாளர். லிஃப்ட்காரருக்குக் கடுமையான எச்சரிக்கை மட்டும் கிடைத்தது.

“நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது விடிவுகாலம் வந்துச்சே” என்றாள் மனைவி. சிரிக்கத்தான் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு எச்சரிக்கையை வாங்கிக்கொண்டு லிஃப்ட்காரர் கூடத்துக்குத் திரும்பியபோது, அவள் பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சில் சத்தமே இல்லை. பதறிப்போய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். இதமாக மூச்சு வந்துகொண்டிருந்தது. எதிர் பெஞ்சில் இருந்த கணக்கு வாத்தியார், அவரும் இதே நோய்க்காரர், உதட்டில் விரலை வைத்தார்.

“எழுப்பாதீங்க. நாங்கல்லாம் அதுக்குத்தான் வர்றோம்.”

“எதுக்கு?”

“தூங்க. மருந்து கிடைக்கும்னு எவன் நம்பினான்? டோக்கனை வாங்கிட்டு உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க. இந்த ஊர்ல தூசு இல்லாத இடம் இது ஒண்ணுதான்.”

லிஃப்ட்காரர் அப்போதுதான் கூடத்தைச் சரியாகப் பார்த்தார். பெஞ்சு பெஞ்சாக மனிதர்கள் சாய்ந்தும் சரிந்தும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் டோக்கன்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. விடிந்ததும் மையத்துக்கு வந்துவிடுவார்கள். அவள் தூங்குவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலைக்குத் தோள் கொடுப்பார். மதியம் அவர் கடைக்குப் போன பிறகும் அவள் இருந்து தூங்கிவிட்டுத்தான் வருவாள். கண்ணுக்கடியில் இருந்த கருப்பு மறைந்தது. சாப்பாடு இறங்கியது. ஒருநாள் கனவு வந்தது என்றாள். என்ன கனவு என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, நம்ம வீட்டுல நான் பெருக்கிட்டிருந்தேன்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆனால் ஒரு மையத்துக்குள் ஒரு நல்ல காரியம் யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தால் அது மையத்துக்கே அவமானம். காத்திருப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், ஒருவர்கூட ஏன் தாமதம் என்று சண்டை போடவில்லை என்ற விஷயம் இயக்குநரின் காதுக்குப் போயிற்று. குழு போட்டார்கள். குழு கூடத்தை எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு, காத்திருப்பே ஒரு சிகிச்சை என்று கண்டுபிடித்தது. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத புதிய சிகிச்சை. பெயர், ‘நெடுங்காத்திருப்பு மருத்துவம்’. மாத்திரைப் பிரிவு இனி தேவையில்லை என்று அதை மூடிவிட்டார்கள். தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

விழா அதிகாரி ஒருவர் லிஃப்ட்காரரைத் தேடி வந்தார். “உங்க வீட்டம்மாதான் முதல் முதலா குணமானவங்கன்னு குழு தேர்ந்தெடுத்திருக்கு. மேடைக்கு வந்து, மைக் முன்னாடி ஒரு தடவை மூச்சை நல்லா இழுத்து விட்டாப் போதும். அதுக்குப் பதிலா கூடத்துல அவங்களுக்கு ஒரு நிரந்தர இடம். பெஞ்சுல பேரே போட்டுருவோம்.”

நிரந்தர இடம்! சாகும் வரை தூங்க இடம். மனைவி யோசிக்கவே இல்லை. “ஒரு மூச்சுதானே, விட்டுட்டாப் போச்சு” என்றாள்.

விழாவன்று காலையில் கூண்டைத் தாண்டி உள்ளே வந்த லிஃப்ட்காரருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கூடம் முழுக்கச் சிவப்புக் கம்பளம். ஜன்னலுக்கெல்லாம் கனத்த வெல்வெட் திரை. எவர்சில்வர் பெஞ்சுகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் பஞ்சு பொதிந்த சோபாக்கள். எல்லாம் மையத்தின் கிடங்கில் எந்தக் காலத்திலோ போட்டு வைத்திருந்தவை. ஒரு ஆள் கம்பளத்தின் ஓரங்களில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

“சார், கம்பளத்தை எடுக்கச் சொல்லுங்க சார்” என்று விழா அதிகாரியின் பின்னாலேயே ஓடினார் லிஃப்ட்காரர். ஜென்மத்தில் அவர் ஒருவரிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. “இதுல தூசு இருக்கும். பூச்சி இருக்கும். அவளுக்கு ஆகாது.”

“கம்பளம் இல்லாம விழாவா? பெரிய மனுஷங்க வெறுந்தரையில நடப்பாங்களா?” என்றார் அதிகாரி. “அதுவுமில்லாம இது மையத்துக் கம்பளம். மையத்துக்குள்ள தூசு கிடையாது. அப்ப இதுல மட்டும் எப்படி இருக்கும்?” நிரூபிப்பதற்காகக் குனிந்து கம்பளத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். எழுந்த புழுதியில் அவர் முகமே மறைந்தது. தும்மிவிட்டு, “ஏசி கொஞ்சம் அதிகம்” என்றார்.

“அவளை மேடையில ஏத்தாதீங்க சார். நாங்க வீட்டுக்குப் போயிடறோம்.”

“போங்க. ஆனா நிரந்தர இடம் வேற ஆளுக்குப் போயிடும்.”

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். “ஒரே ஒரு மூச்சுங்க” என்றாள் தலைப்புக்குள்ளிருந்து. “அப்புறம் கம்பளத்தை எடுத்துருவாங்க. நான் தாங்கிக்கறேன்.”

விழா அதிகாரி அவள் கையிலிருந்த நீல பம்பை லாவகமாக உருவிக்கொண்டார். “குணமானவங்க கையில இது எதுக்கும்மா? அசிங்கமா இருக்கும்.” அதை ஒரு தட்டில் வைத்து, ‘இனி தேவைப்படாதது’ என்று எழுதிய அட்டைக்கு முன்னால் மேடை ஓரத்தில் வைத்தார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. லிஃப்ட்காரர் பின்னால் ஓடினார். விருந்தாளிகள் வரும் வழி என்று சொல்லி அவரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

இயக்குநர் பேசத் தொடங்கினார். உயரமான மனிதர், குரலும் உயரம்.

“பெரியோர்களே! தொடக்கத்தில் நாங்கள் மருந்தைத் தேடினோம். மருந்து கிடைத்ததும் நோயாளிகளைத் தேடினோம். நோயாளிகள் வந்தார்கள். ஆனால் நோயோடு ஒருவரும் வரவில்லை! இந்தக் கட்டடத்துக்குள் இதுவரை ஒருவருக்குக்கூட மூச்சுத் திணறல் வந்ததில்லை. எந்த மருத்துவமனை இப்படிச் சொல்ல முடியும்? எங்கள் மாத்திரையால் பக்கவிளைவு கண்டவர் ஒருவருமில்லை, ஏனென்றால் அதை நாங்கள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் ஊசியால் ஒருவருக்கும் வலித்ததில்லை, அதே காரணம்தான். நோயாளியைத் தொடாமலே குணப்படுத்துவதுதான் மருத்துவத்தின் உச்சம். அந்த உச்சத்தில் இப்போது நாங்கள் கம்பளம் விரித்திருக்கிறோம்!”

கைதட்டல். தட்டிய கைகளின் அதிர்வில் திரைச்சீலைகள் புழுதியை உதிர்த்தன. சோபாக்களில் அமர்ந்திருந்த பழைய தூக்கக்காரர்கள் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள். கணக்கு வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

“இதோ, குணமடைந்த முதல் சகோதரி! அம்மா, உலகத்துக்குக் கேட்கும்படி ஒரு மூச்சு விடுங்கள்.”

அவள் மைக் முன்னால் நின்றாள். மூச்சை இழுத்தாள். காற்று உள்ளே போகவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது. மறுபடி இழுத்தாள். தோள் இரண்டும் மேலே ஏறின, கழுத்துக் குழி உள்ளே போயிற்று. உதடு நிறம் மாறியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை நீட்டினாள். பம்பைக் கேட்கிறாள் என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது.

இயக்குநருக்கு வேறு மாதிரி புரிந்தது. “பாருங்கள்! நன்றியில் வார்த்தை வரவில்லை. கண்ணீர் வருகிறது. கைகூப்பக்கூட முடியவில்லை. இப்படிப்பட்ட நன்றியை நான் என் அனுபவத்தில் பார்த்ததே இல்லை!” முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. அவள் முட்டிபோட்டுச் சரிந்தாள். “வேண்டாம் அம்மா, காலில் எல்லாம் விழக் கூடாது” என்றார் இயக்குநர், நெகிழ்ந்துபோய்.

லிஃப்ட்காரர் கயிற்றைத் தாண்டினார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், சட்டை கிழிந்தது. கம்பளத்தில் தடுக்கிக் குப்புற விழுந்து, எழுந்து, மேடையில் ஏறித் தட்டிலிருந்து பம்பை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினார். “இழு, இழும்மா, இழு” என்று கத்தினார். பிறகு அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். குணமானவரின் கணவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று இயக்குநர் மைக்கில் விளக்கியது பின்னால் கேட்டது.

வாசலுக்கு வெளியே சிமெண்ட் படியில் அவளை உட்கார வைத்தார். திரும்பத் திரும்ப பம்பை அழுத்தினார். நெடுநேரம் கழித்து மூச்சு கொஞ்சங்கொஞ்சமாக வழிக்கு வந்தது. சின்ன டாக்டர் ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டு ஸ்டெத்தை வைத்தார்.

“நல்லாவே இழுப்பு இருக்கு. நான் பார்த்துட்டேன்” என்றார்.

எத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை! லிஃப்ட்காரர் அவர் காலையே பிடித்துக்கொண்டார். “அப்ப மாத்திரை எழுதுங்க டாக்டர். இப்பவே எழுதுங்க.”

சின்ன டாக்டர் ஸ்டெத்தை மெல்ல எடுத்தார். “மாத்திரைப் பிரிவை மூடிட்டாங்க.”

“உங்களால சொல்ல முடியாதா? பார்த்தேன்னு நீங்க சொன்னா மறுபடி திறப்பாங்க இல்ல?”

“கூடத்துல வச்சு இழுப்பு வந்துச்சுன்னு நான் சொன்னா, சிகிச்சையாலயே நோய் வந்துச்சுன்னு ஆகும். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல.” அவர் லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து நின்றார். “அதுவுமில்லாம நான் பார்த்தது இங்கதானே. இந்தப் படி மையத்துக்கு வெளிய வருது.”

உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். குழுப் புகைப்படத்துக்கு ஆள் குறைகிறதாம். போக மனமில்லாதவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு போய்விட்டார்.

மனைவி தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பேசுகிற அளவுக்கு மூச்சு சேர்ந்ததும் முதலில் கேட்டாள். “அந்தக் கம்பளத்தை எடுத்துருவாங்களா?”

“ஆணி அடிச்சுட்டாங்கம்மா.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கு நான் எங்கங்க போய்த் தூங்குறது?”

லிஃப்ட்காரர் அவளை அணைத்துக்கொள்ளக் கையை நீட்டியபோதுதான் தன் கிழிந்த சட்டையெல்லாம் கம்பளத்தின் சிவப்புத் தூசும் தும்பும் ஒட்டியிருப்பதைக் கவனித்தார். அவளுக்கு மறுபடி இழுப்பு வந்துவிடக் கூடாதே என்று எழுந்து, நாலு படி தள்ளிப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.